இரும்பு அறுக்கும் ஹோல்சா: பல் எந்த உலோகம் என்று உறையில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் மின் பேனல் போர்டு, இரும்புக் கதவு, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) தொட்டி முதலிய வேலைகளைச் செய்துதரும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தகட்டில் பெரிய வட்டத் துளை போடப் பயன்படும் ஹோல்சாவை வாங்குவதில், எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களும், தனியாகத் தொழில் செய்யும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் தொடர்ந்து பணத்தை இழந்து வருகிறோம். இதைக் கடைக்காரர்களின் கவனத்துக்கும் அதிகாரிகளின் கவனத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை நீளமான கடிதமா என்று சிலருக்குத் தோன்றலாம். அன்றாடக் கூலியில் வாழும் ஒருவர் வாங்கிய கருவி பாதி வேலையில் மழுங்கிப்போனால், இழப்பு கருவியின் விலையோடு நிற்பதில்லை. அன்றைய கூலியும், கீறல் விழுந்து கெட்டுப்போன தகட்டின் விலையும், வேலை கொடுத்தவரின் நம்பிக்கையும் சேர்ந்தே போகின்றன.

குறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பிடியில் வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து விற்கப்படும் ஹோல்சா செட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வளையங்கள் சாதாரண கார்பன் ஸ்டீல் பட்டையை வளைத்துச் செய்யப்பட்டவை. மரம், பிளைவுட், ஜிப்சம் பலகை, பி.வி.சி. ஆகியவற்றில் அவை நன்றாகவே வேலை செய்யும். அந்த வேலைக்கு அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே செட்டின் பெட்டியில் 'மெட்டல்' என்றும் ஒரு வார்த்தையைச் சேர்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். கடையில் கேட்டால், "தகடு எல்லாம் அறுக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் புதிதாகத் தொழில் தொடங்கிய ஓர் இளைஞர், 16 கேஜ் கனமுள்ள எம்.எஸ். (சாதாரண இரும்பு) பெட்டியில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட் பொருத்துவதற்காக அப்படி ஒரு செட்டை வாங்கி வந்தார். முதல் துளையில் வளையம் தகட்டின் மேல் தேய்ந்து கிறீச்சிட்டது. பற்களின் முனை நீலம் பூத்தது. கையால் தடவிப் பார்த்தால் பல் இருந்த இடம் மழமழவென்று உருண்டிருந்தது. தகட்டில் ஒரு வட்டக் கீறல் மட்டுமே விழுந்திருந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பயன்படுத்தாமல் அது இரும்பை அறுக்குமா அறுக்காதா என்பதை அவர் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும்?

பல் ஏன் நீலம் பூக்கிறது என்பது தெரிந்தால், எந்தக் கருவிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெளிவாகும். உலோகத்தை அறுக்கும்போது பல்லின் முனையில் கடும் சூடு பிறக்கிறது. சாதாரண கார்பன் ஸ்டீல் 200, 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தன் கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும். இழந்த கடினம் ஆறிய பிறகும் திரும்பாது. ஹைஸ்பீடு ஸ்டீல் எனப்படும் எச்.எஸ்.எஸ். ஏறத்தாழ 600 டிகிரி வரை தன் முனையைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால்தான் இரும்புக்கென்று செய்யப்படும் பை-மெட்டல் ஹோல்சாவில் பல் உள்ள விளிம்பு மட்டும் எச்.எஸ்.எஸ். ஆகவும், கீழ்ப்பகுதி வளைந்துகொடுக்கும் ஸ்டீலாகவும் இருக்கும். இரண்டையும் எலக்ட்ரான் பீம் வெல்டிங் முறையில் இணைக்கிறார்கள். தரம் கூடிய பை-மெட்டலில் பல்லுக்கு எம்-42 என்ற வகை எச்.எஸ்.எஸ். பயன்படுகிறது, அதில் 8 சதவீதம் கோபால்ட் சேர்ந்திருப்பதால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். முழுவதும் எச்.எஸ்.எஸ். ஆக இருந்தால் கை சற்று சாய்ந்தாலும் வளையம் உடைந்துவிடும். முழுவதும் கார்பன் ஸ்டீலாக இருந்தால் பல் நிற்காது. இரும்புக்காக நாம் காசு கொடுக்க வேண்டியது இந்தச் சேர்க்கைக்குத்தான். பெட்டியின் பளபளப்புக்கும் துண்டுகளின் எண்ணிக்கைக்கும் அல்ல.

எஸ்.எஸ். விஷயம் வேறு. கடலோரத்தில் உப்புக் காற்று எம்.எஸ். தகட்டைச் சீக்கிரம் தின்றுவிடுவதால், தேவனாம்பட்டினம் முதல் புதுச்சேரி வரை மொட்டைமாடித் தொட்டி, கைப்பிடி, சமையலறைத் தொட்டி என்று எல்லாவற்றையும் மக்கள் எஸ்.எஸ். 304 என்ற ரகத்தில் கேட்கிறார்கள். இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. பல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டிருந்தால், தேய்ந்த இடம் முன்னிலும் கடினமாகிவிடும். பிறகு நல்ல பல்கூட அங்கே இறங்காது. ஆகவே எஸ்.எஸ். தகட்டுக்குக் கார்பைடு முனை வைத்த டி.சி.டி. ஹோல்சாவே ஏற்றது. அதில் தகட்டுக்குள் அளவுக்கு மேல் இறங்கிவிடாமல் தடுக்கும் விளிம்பும், அறுபட்ட வட்டத் துண்டை வெளியே தள்ளும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் கார்பைடு மிகக் கடினமானது என்பதாலேயே அதிர்ச்சியைத் தாங்காது. வளைந்த குழாயின் மேல் வைத்தாலோ, கையால் பிடித்த டிரில்லிங் மெஷின் சாய்ந்தாலோ ஒரு பல் தெறித்துவிடும். ஒரு பல் போனால் அடுத்த பல்லும் நிற்காது. குழாய் வேலைக்குப் பை-மெட்டல்தான் பாதுகாப்பு. தகடு அறுக்கும் டி.சி.டி. வகை சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது என்பதையும் கடையில் யாரும் சொல்வதில்லை. கனமான பிளேட்டுக்கு, காந்தத்தால் பிளேட்டில் ஒட்டி நிற்கும் மேக்னட் டிரில்லில் மாட்டும் ஆனுலர் கட்டர் என்ற வளையக் கருவி இருக்கிறது. சிப்காட் ஒப்பந்த வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். அதன் விலையும் மெஷினின் விலையும் என் போன்றவர்களுக்கு எட்டாது. தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

நல்ல கருவியையும் ஓர் ஐந்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம் என்பதால் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 மி.மீ. பை-மெட்டல் ஹோல்சா எம்.எஸ். தகட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று ஓட வேண்டும். எஸ்.எஸ். என்றால் அதில் பாதி போதும். விட்டம் பெருகப் பெருக வேகம் குறைய வேண்டும், 51 மி.மீ. என்றால் எம்.எஸ்.ஸில் 170 சுற்று, 76 மி.மீ. என்றால் 115 சுற்று என்பது தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் காணப்படும் அளவு. நம் கையில் இருக்கும் 10 மி.மீ. டிரில்லிங் மெஷின்களில் பல 2,600 சுற்றுக்கு ஓடுகின்றன. அந்த வேகத்தில் 25 மி.மீ. ஹோல்சாவின் பல் நிமிடத்துக்கு 200 மீட்டருக்கு மேல் தகட்டில் உரசுகிறது. உரச வேண்டியதோ 27 மீட்டர்தான். ஏழு மடங்குக்கும் மேலான இந்த வேகத்தில் எம்-42 பல்லும் கருகிப்போகும். ஆகவே ட்ரிக்கரை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைக்கக்கூடிய மெஷினோ, இரண்டு கியர் உள்ள மெஷினோ இல்லாதவர்கள் விலை உயர்ந்த ஹோல்சாவில் பணம் போடுவதற்கு முன் மெஷினைப் பற்றி யோசிப்பது நல்லது. எம்.எஸ்.ஸிலும் எஸ்.எஸ்.ஸிலும் கட்டிங் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தத்தை விடாமல் ஒரே சீராக இறக்க வேண்டும். வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமலே அறுக்கலாம். கனமான பிளேட்டில் ஹோல்சாவின் பாதை விழுந்தவுடன், அறுபட்டு விழப்போகும் துண்டின் பக்கமாக அந்தப் பாதையிலேயே 6 மி.மீ. பிட்டால் ஒரு சிறு துளை போட்டுவிட்டால், இரும்புச் சுருள் பல்லிடுக்கில் அடையாமல் அதன் வழியே கீழே கொட்டிவிடும். வேலை நேரம் வெகுவாகக் குறைவதோடு, சூடும் குறைகிறது.

இனி விலை. செட்டாக வாங்கினால் மலிவு என்ற எண்ணம் எங்கள் தொழிலில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஒரு பேனல் போர்டு வேலைக்காரருக்கு உண்மையில் தேவைப்படும் அளவுகள் எத்தனை? புஷ் பட்டனுக்கும் சிக்னல் விளக்குக்கும் 22.5 மி.மீ. துளை, கிளாண்டுகளுக்கு 20, 25, 32 மி.மீ. அளவில் துளைகள். எஸ்.எஸ். தொட்டியில் குழாய் பொருத்துபவருக்குப் பெரும்பாலும் 35 மி.மீ. ஒன்று போதும். செட்டில் இருக்கும் மற்ற வளையங்கள் பெட்டியிலேயே துருப்பிடிக்கின்றன. இதை ஒரு கணக்காக வைத்துக்கொள்வோம்: 60 ரூபாய் வீதம் விழும் ஒரு வளையம் இரண்டு துளையோடு போய்விட்டால், துளை ஒன்றுக்கு 30 ரூபாய். 450 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு நல்ல பை-மெட்டல் 50 துளை போட்டால், துளை ஒன்றுக்கு 9 ரூபாய். விட்டத்தையும் உலோகத்தையும் கையையும் பொறுத்து இந்த எண்கள் மாறும். ஆனால் நியாயமான விலையை அளக்க வேண்டிய கோல் துளைக்கு எவ்வளவு என்பதே தவிர, துண்டுக்கு எவ்வளவு என்பது அல்ல. பிசிரை அரத்தால் ராவிச் சரிசெய்யும் நேரத்தையும் கூலியாகச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெருகும்.

தனித்தனியாக வாங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான நிறுவனங்களின் பை-மெட்டல் ஹோல்சாக்கள் இரண்டு பொது அளவு மரைகளில்தான் வருகின்றன: 14 முதல் 30 மி.மீ. வரை அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 மரை; 32 மி.மீ. முதல் மேலே எட்டில் ஐந்து அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 18 மரை. ஆகவே ஹோல்சாவை மெஷினில் மாட்டும் தண்டான ஆர்பரை, மரை அளவு ஒவ்வொன்றுக்கும் நல்லதாக ஒன்று, ஆக இரண்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், ஹோல்சாவை எந்த நிறுவனத்திலும் வாங்கலாம். முதலில் மழுங்குவது நடுவில் உள்ள பைலட் டிரில் என்பதால், அதைச் சிறு திருகைத் தளர்த்தி மாற்றக்கூடிய ஆர்பராகப் பார்த்து, 6.35 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட் ஒன்றையும் கூடவே வாங்கிவிட வேண்டும். பைலட் மழுங்கினால் துளை நகர்ந்துபோகும். பழி ஹோல்சாவின் மேல் விழும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைவான தகட்டில் நிறையத் துளை போடுபவர்களுக்கு ஹோல்சாவைவிட, படிப்படியாக அகலும் கூம்பு வடிவ ஸ்டெப் டிரில் பிசிர் குறைவாகத் துளைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகுத் தளங்களில் பைபர் அறுப்பவர்களுக்கு எச்.எஸ்.எஸ். பல் ஒத்துவராது, கண்ணாடி இழை அதைத் தேய்த்துவிடும். அவர்கள் கார்பைடு துகள் ஒட்டிய வகையைக் கேட்க வேண்டும்.

கடையில் கையில் எடுத்துப் பார்த்தே பலவற்றை அறியலாம். பற்களுக்குச் சற்றுக் கீழே, வளையத்தைச் சுற்றி நிறம் மாறும் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது பை-மெட்டல் இணைப்பு. பெயின்ட் மறைத்திருந்தால் பல்லுக்குப் பக்கத்தில் உட்புறமாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடித்தட்டு கனமாக இருக்க வேண்டும். ஆர்பரின் ஊசிகள் அதன் துளைகளில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். ஆர்பரில் மாட்டிக் கையால் சுழற்றினால் விளிம்பு இங்கும் அங்கும் ஆடக் கூடாது. துண்டைக் குத்தித் தள்ளுவதற்கு வளையத்தின் பக்கத்தில் நீண்ட துவாரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் பழைய அரத்தின் முனையை ஒரு பல்லின் மேல் மெல்ல ஓட்டலாம். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பல் கடினம். அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அது மரத்துக்கான பொருள். இதற்குச் சம்மதிக்கும் கடைக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அவர்களிடம் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பிவிடவும் கூடாது. பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதே வண்ணப் பெட்டியில் விற்கப்படும் பொருள்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் கருவி வாங்கப் புதுச்சேரிக்குப் போவது பழைய வழக்கம். அங்கே முன்பு வரி குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், இந்தக் கருவிகளுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் 18 சதவீத வரி ஒன்றேதான். இன்று அங்கே ஒரு கடையில் விலை குறைவாக இருந்தால், கடைக்காரர் லாபத்தைக் குறைத்திருக்கிறார், அல்லது பொருள் வேறு, அல்லது பில் இல்லை என்றே பொருள். மூன்றாவது காரணத்தால் கிடைக்கும் தள்ளுபடியை யாரும் ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பில் கையில் இல்லாவிட்டால் பிறகு எந்த இடத்திலும் நம் குறையைச் சொல்ல முடியாது.

சொல்ல இடம் இருக்கிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. தொழிலுக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று கடைகளில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அப்படிச் சொல்லவில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. தனியாகத் தொழில் செய்யும் வெல்டர் சட்டப்படி நுகர்வோர்தான். பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

உறையைப் பொறுத்தவரை, பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் உள்ளன. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பதும், மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலையும், புகார் சொல்லத் தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பவர்களும் இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரையில் காட்டியாக வேண்டும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் கொக்கியில் தொங்கும் செட்டுகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் விலையும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. பல் எந்த உலோகம் என்று எழுத வேண்டிய கட்டாயம் அந்த விதிகளில் இல்லாததால், 'மெட்டல்' என்ற ஒற்றை வார்த்தையை நம்பியே வாங்க வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தைதான் இந்தப் பொருளில் எல்லாப் பணத்தையும் இழுக்கிறது என்பதால், அதற்கான பொறுப்பையும் அச்சிட்டவர் ஏற்க வேண்டும்.

ஆகவே மூன்று தரப்பினரிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்களும், புதுச்சேரியில் அந்தப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளும், மளிகைக் கடைகளையும் பெட்ரோல் நிலையங்களையும் பார்ப்பதுபோல ஹார்டுவேர் கடைகளின் கொக்கிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். விலையும் இறக்குமதியாளர் பெயரும் இல்லாத பொட்டலத்தை விற்பனைக்கு வைக்கவிடக் கூடாது. கடைக்காரர்கள் பில்லில் 'ஹோல்சா' என்று மட்டும் எழுதாமல், கார்பன் ஸ்டீல், பை-மெட்டல், டி.சி.டி. ஆகியவற்றில் எது என்பதையும், எந்த உலோகத்துக்காக விற்றார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதித் தர வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. சரியான பொருளை விற்பவருக்கு இழப்பும் இல்லை. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூரிலும் உள்ள சிறு பட்டறைக்காரர்கள், தங்களுக்குள் அதிகம் தேவைப்படும் 20, 22.5, 25, 32 மி.மீ. அளவுகளைச் சேர்த்து எழுதி, சென்னையில் உள்ள விநியோகஸ்தரிடம் ஒரே ஆர்டராகக் கொடுத்தால், அங்கே பெரிய தொழிற்சாலைகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கும் கிடைக்கும். எங்கள் தெருவில் உள்ள பட்டறைகள் அப்படி ஒரு பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கின்றன. சேர விரும்பும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் தங்களுக்குத் தேவையான அளவையும், அறுக்கப்போவது எம்.எஸ். தகடா எஸ்.எஸ். தகடா என்பதையும், தங்கள் மெஷினின் குறைந்தபட்ச வேகத்தையும் எழுதி அருகிலுள்ள பட்டறையில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.